கல்லுமலையைத் தாண்டி புக்கிட் மேரா

ஈப்போ என்றதும் நமக்குக் கல்லுமலைக் கோயிலும் வெள்ளைக் கோப்பியும்தான் நினைவுக்கு வரும். அடுத்த முறை லஹாட் பக்கமும் போய்ப் பாருங்கள். பழைய ஈய லம்பங்களின் நடுவே புக்கிட் மேரா இருக்கிறது.

ஈயமணல் கழிவிலுள்ள மோனசைட்டிலிருந்து அரிய மண் தனிமங்களைப் பிரிக்கும் ஆலை இங்கே 1982-இல் இயங்கத் தொடங்கியது. மிஞ்சியது தோரியம் கலந்த கதிரியக்கக் கழிவு. மக்கள் 1985-இல் வழக்குத் தொடுத்தார்கள். 1992-இல் ஈப்போ உயர்நீதிமன்றம் ஆலையை மூடச் சொன்னது. மறு ஆண்டே உச்சநீதிமன்றம் அதை மாற்றியது. ஆனாலும் 1994-இல் ஆலை மூடப்பட்டது.

கழிவை மலைப்பக்கம் புதைத்துவிடலாம். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலே பதறும் மனத்தை என்ன செய்வது?

1984-இல் போபாலில் விஷவாயு கசிந்தது. மறு ஆண்டு, பெங்களூர் நிம்ஹான்ஸ் நிபுணர்கள் அங்கிருந்த பொது மருத்துவர்களுக்கே மனநலப் பயிற்சி கொடுத்தார்கள். இருமலை விசாரிக்கும் மருத்துவரே தூக்கத்தையும் துக்கத்தையும் விசாரிக்கலாம். "எல்லாம் பிரமை" என்று தள்ளாமல் கேட்பதே முதல் மருந்து.

புக்கிட் மேரா கோப்பிக் கடையில் பெரியவர் யாராவது பழைய கதையைத் தொடங்கினால், அவசரப்படாதீர்கள். இன்னொரு கோப்பி சொல்லிவிட்டுக் கேளுங்கள்.