மெழுகும் மரமும்

வீணையின் 24 மெட்டுகளும் மரத்தில் அறையப்பட்டவை அல்ல, மெழுகில் நிற்பவை. வாசிக்கிறவர்கள்கூட இதைச் சட்டென்று நினைத்துப் பார்ப்பதில்லை. தேன்மெழுகும் குங்கிலியமும் கரித்தூளும் சேர்த்துக் காய்ச்சிய கறுப்பு மெழுகைத் தண்டியின் இரண்டு ஓரங்களிலும் கரை மாதிரி எழுப்புவார்கள். அதன்மேல் வெண்கல மெட்டை வைத்து, தந்தியை மீட்டி, காதால் கேட்டு, இம்மி இம்மியாக நகர்த்தி அழுத்துவார்கள். ஒரு ஸ்தாயிக்கு 12 வீதம் இரண்டு ஸ்தாயிக்கும் இப்படி வைத்து முடிப்பதற்கு மேளம் கட்டுவது என்று பெயர். மெட்டுகள் நிலையாக நிற்கும் இந்த அமைப்பு, 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தஞ்சையை ஆண்ட ரகுநாத நாயக்கர் காலத்தில் உருவானது என்பார்கள்.

மெழுகு என்பதால் வெயிலுக்கு இளகும். மெட்டு மெல்ல நகரும், சுருதி பிசகும். சில வருஷத்துக்கு ஒருமுறை பழைய மெழுகைச் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி மேளம் கட்டித்தான் ஆகவேண்டும். ஆகவே பழுதுபார்ப்பு என்பது வீணைக்கு வெளியிலிருந்து வருகிற விபத்து இல்லை. அதன் பிறப்போடு கூட வருவது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழசை யாரும் தொடவே கூடாது என்று அடம்பிடிக்கிற ஆள் இல்லை நான்.

எங்கள் வீட்டு வீணை அத்தையுடையது. குடம், தண்டி எல்லாம் ஒரே பலாமரத்தில் குடைந்த ஏகாண்ட வீணை. 1950களில் தாத்தா தஞ்சாவூரில் சொல்லிச் செய்து வாங்கியது. அத்தை அதை வைத்துக்கொண்டு கும்பகோணத்தில் நாற்பது வருஷம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தாள். இப்போது 84 வயது. விரல் மடங்குவதில்லை, கண்ணும் மங்கல். காது மட்டும் அப்படியே இருக்கிறது. என்னோடு சென்னையில் இருக்கிறாள். நான் வாசிப்பதைக் கேட்டுவிட்டு உள்ளிருந்து, "காந்தாரம் தூக்கலா இருக்குடி" என்பாள். போன கோடையில் அது காந்தாரத்தோடு நிற்கவில்லை, மேளம் முழுக்கக் குலைந்துவிட்டது.

நகரத்தில் ஒரு பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். கைத்தொழில் தெரிந்தவர், வயதானவர். 'மேளம் மட்டும், 6,000 ரூபாய், முன்பணம் 2,000' என்று அவர் கையாலேயே ரசீது எழுதிக் கொடுத்தார். மூன்று வாரம் கழித்துப் போனேன்.

வீணை பளபளவென்று இருந்தது. அதுதான் முதலில் வயிற்றைக் கலக்கியது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, புது வார்னிஷ் அடித்திருந்தார். தண்டியின் பின்பக்கத்தில் அத்தையின் கட்டைவிரல் ஓடி ஓடி நிறம் வெளுத்து, மரம் வழவழவென்று ஆன ஒரு தடம் உண்டு. அது போய்விட்டது. குடத்தின் விளிம்பில் மஞ்சள் பூத்திருந்த மான்கொம்புப் பட்டையைப் பெயர்த்துவிட்டு வெள்ளைப் பிளாஸ்டிக் ஒட்டியிருந்தார். மெட்டுகள் 24ம் புதுசு. குதிரையின் மேல் இருந்த வெண்கலத் தகடும் புதுசு.

"பாருங்கம்மா, புது வீணை மாதிரி ஆக்கிட்டேன்" என்றார். முகத்தில் அத்தனை சந்தோஷம்.

"மேளம் மட்டும்தானே சொல்லியிருந்தேன்?"

"மேளத்தை மட்டும் கட்டி அந்தக் கோலத்துல அனுப்புனா என் பேருதானம்மா கெடும்? பாக்குறவங்க யாரு பண்ணுனதுன்னு கேக்க மாட்டாங்களா?"

பில் 19,500.

அந்தப் பதிலை நான் இன்றைக்கும் யோசிக்கிறேன். அவர் ஏமாற்றுக்காரர் இல்லை. ஏமாற்றுக்காரராக இருந்திருந்தால் கோபப்படுவது சுலபமாக இருந்திருக்கும். அவருக்குத் தன் வேலைமேல் இருந்த பெருமை நிஜம். ஆனால் அந்தப் பெருமைக்குள் வீணை அவருடையதாக ஆகிவிட்டது. அது எப்படித் தெரியவேண்டும், எப்படிப் பேசவேண்டும் என்பதை அவரே தீர்மானித்துவிட்டார்.

வார்னிஷைக்கூட விட்டுவிடலாம். தகடுதான் நெஞ்சில் நின்றது. வீணையின் குதிரை வயலின் குதிரை மாதிரி கூரான விளிம்பு கொண்டதல்ல. அகலமானது, மேலே இருக்கும் வெண்கலத் தகட்டில் லேசான வளைவு உண்டு. தந்தி அதிரும்போது அந்த வளைவைத் தொட்டுத் தொட்டு விலகுகிறது. சி.வி. ராமன் 1921இல் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். ஒரு தந்தியை எந்த இடத்தில் மீட்டினால் எந்த மேல்சுரம் கேட்கக்கூடாது என்று இயற்பியல் சொல்கிறதோ, வீணையிலும் தம்பூராவிலும் அது நன்றாகவே கேட்கிறது என்று கண்டு, காரணம் இந்த வளைந்த குதிரைதான் என்றார். அவர் மனைவி லோகசுந்தரி அம்மாள் வீணை வாசிப்பவர். ஆய்வுக்கான கேள்வி வீட்டுக்குள்ளேயே ஒலித்துக்கொண்டிருந்திருக்கிறது.

நாம் 'நாதம்' என்று சொல்வது பெரும்பாலும் அந்த வளைவில் இருக்கிறது. ஒரு மயிரிழை அதிகம் அராவினால் குரல் மாறிவிடும். எங்கள் வீணையின் வளைவு எழுபது வருஷமாகத் தந்தியும் அரமும் சேர்ந்து உண்டாக்கியது. புதுத் தகடு கடையில் வாங்கியது.

கடையில் நான் சத்தம் போடவில்லை. பழைய சாமான்களைக் கேட்டேன். "பழைய வெண்கலத்தை எடைக்குப் போட்டாச்சும்மா" என்றார். 24 மெட்டும் போயிற்று. மான்கொம்பு குப்பையில். இன்றைக்கு மான்கொம்பு வியாபாரம் சட்டப்படி தடை, காசு கொடுத்தாலும் அதைத் திருப்பி வைக்க முடியாது. தகடு மட்டும் ஒரு பிஸ்கட் டப்பாவில், பிரடைத் துண்டுகளுக்கும் துருப்பிடித்த லங்கர்களுக்கும் நடுவே கிடந்தது. கையில் எடுத்ததும் தெரிந்துவிட்டது, நாலு தந்திகளும் போட்ட கோடு அதில் இருந்தது.

பிறகு பணம். முழுத் தொகையும் கொடுத்தால்தான் வீணை என்றார். வக்கீலாக இருக்கும் தோழிக்குப் போன் செய்தேன். 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தில் 170ஆம் பிரிவு இருக்கிறது, கைவேலை செய்தவர் தன் கூலி வரும்வரை பொருளைப் பிடித்து வைத்துக்கொள்ளலாம் என்றாள். எனக்குத் திக்கென்றது. "முழுசாக் கேளு. பொருளை எதுக்காக ஒப்படைச்சியோ, அந்த நோக்கத்துக்கு உட்பட்ட வேலைக்குத்தான் அந்த உரிமை. ரசீதுல 'மேளம் மட்டும்'னு இருக்கில்ல?" இருந்தது. வேண்டுமானால் நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம் என்றாள்.

ஆணையத்துக்குப் போகவில்லை. அந்த ரசீதை அவர்முன் வைத்தேன். மேளத்துக்கு மீதி 4,000 கொடுத்தேன். பில்லின் பின்பக்கத்தில், சொல்லாமல் செய்தவை என்று தலைப்புப் போட்டு ஒவ்வொன்றாக எழுதினேன்: வார்னிஷ், பட்டை, மெட்டுகள், தகடு. கீழே கையெழுத்துக் கேட்டேன். வெகுநேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். "நல்லதுதானம்மா பண்ணேன்" என்றார், குரல் இறங்கி. "உங்க வேலை நல்ல வேலைதான் ஐயா. நான் கேட்ட வேலை அது இல்லை" என்றேன். கையெழுத்துப் போட்டார்.

வீட்டுக்கு வந்து அத்தைமுன் வைத்தேன். ஒன்றும் சொல்லவில்லை. அவள் கையால் தடவிப் பார்த்தாள். தண்டியின் அடியில் கட்டைவிரல் போய் நின்றது, அங்கே எதையோ தேடியது. பிறகு மந்தரத் தந்தியை ஒரே ஒருதரம் மீட்டினாள். சுரம் சுத்தமாகத்தான் இருந்தது. ஆனால் உடனே அடங்கிவிட்டது.

"இது யாரோட வீணைடி?" என்றாள்.

அடுத்த வாரம் தஞ்சாவூருக்குப் போனேன். அங்கே வீணை செய்யும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. 2013இல் தஞ்சாவூர் வீணைக்குப் புவிசார் குறியீடுகூடக் கிடைத்தது. நான் பார்த்த ஆசாரி சின்ன வயசுக்காரர். பழைய தகட்டை வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். "இதை வைக்கலாம்க்கா. ஆனா குதிரை உயரம் மாறும், மேளம் திரும்பக் கட்டணும். சரியா?" என்று கேட்டார். ஒவ்வொன்றையும் தொடுவதற்கு முன்னால் கேட்டார். வார்னிஷை எடுக்கட்டுமா என்றார். எடுத்தால் இன்னும் கொஞ்சம் மரம் போகும் என்றும் அவரே சொன்னார். வேண்டாம் என்றேன். பிளாஸ்டிக் பட்டையும் அப்படியே இருக்கட்டும் என்றேன்.

அரக்கைச் சூடாக்கிப் புதுத் தகட்டைக் கழற்றினார். பழைய தகட்டை வைத்து, அரக்கு இறுகுவதற்குள் மீட்டி மீட்டிச் சாய்மானம் பார்த்தார். அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. இந்த வாத்தியத்தைச் செய்தவர்கள் எதை மாற்றலாம், எதை மாற்றக்கூடாது என்பதை வீணையிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். மாற வேண்டிய மேளம் மெழுகில் நிற்கிறது. எப்போதாவது சரிசெய்ய வேண்டிய தகடு அரக்கில் நிற்கிறது. இரண்டும் சூடு காட்டினால் விட்டுக்கொடுக்கும், ஆறினால் பிடித்துக்கொள்ளும். தப்பாக வைத்தால் திரும்ப எடுத்து வைக்கலாம். மரம் அப்படி இல்லை. சுரண்டியது சுரண்டியதுதான். அருங்காட்சியகங்களில் பழம்பொருளைப் பேணுகிறவர்கள், செய்வது எதுவும் திருப்பி எடுக்கக்கூடியதாக இருக்கவேண்டும் என்று ஒரு கொள்கை வைத்திருக்கிறார்கள். நம் கைவினைஞர்களின் கைக்கு அது எப்போதோ தெரிந்திருக்கிறது.

சென்னைக்காரரின் தவறு அவர் மாற்றியதில் இல்லை. திரும்ப வரக்கூடியதற்கும் வராததற்கும் நடுவில் இருக்கும் கோட்டில் நின்று ஒரு போன் செய்யவில்லை. அவ்வளவுதான். அந்த ஒரு கேள்விக்கு அரை நிமிஷம் ஆகியிருக்கும்.

தஞ்சாவூரில் இரண்டு நாள் ஆயிற்று. திரும்பி வந்து அத்தையின் மடியில் சாய்த்து வைத்தேன். மந்தரத்தை மீட்டினாள். ஒலி ஓடி, வளைந்து, மெதுவாக அடங்கியது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

"ம்... குரல் நம்மதுதான்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "உடம்புதான் வேற யாரோடதோ மாதிரி இருக்கு."

கையெழுத்துப் போட்ட பில்லை வீணை உறையின் பைக்குள் வைத்திருக்கிறேன். அதோடு, தஞ்சாவூர்க்காரர் தானாகவே எழுதிக் கொடுத்த ஒரு தாளும் இருக்கிறது: தகடு பழையது, மெட்டு புதியது, மெழுகு இந்தத் தேதியில் கட்டியது, மரத்தைத் தொடவில்லை. நாளைக்கு இந்த வீணை யார் கைக்குப் போனாலும், எது அத்தையுடையது, எது இல்லை என்று அவர்களுக்குத் தெரியவேண்டும். நான் இப்போது தினமும் ஒரு மணி நேரம் வாசிக்கிறேன். தண்டியின் அடியில் வார்னிஷ் இன்னும் வழுக்குகிறது. கட்டைவிரல் ஓடி அது தேய்வதற்கு எனக்கு இன்னும் நிறைய வருஷம் ஆகும்.