நிலம் அறிதல்

விதை எத்துணை நல்லதாயினும், அதற்கேற்ற நிலத்தில் ஊன்றினாலன்றிப் பயன் தராது. இளகிய செம்மண்ணில் செழிக்கும் நிலக்கடலை, இறுகிய களிமண்ணில் காய் பிடிக்காமல் வாடும். அதே களிமண்ணில் நெல் தழைத்து நிற்கும். குற்றம் விதையினதும் அன்று, நிலத்தினதும் அன்று, பொருத்தம் பாராது ஊன்றியவன் குற்றமே அது. இவ்வுண்மையை நான் முன்னரே அறிந்திருந்தேன். எனினும், என் வீட்டிலேயே அதனைக் கண்டபோதுதான் அது நெஞ்சில் பதிந்தது.

இளமையில் நான் தமிழ் பயின்றது, சிற்றூர் ஒன்றின் புறத்தே அமைந்த சிறிய கல்லூரியில். புன்னை நிழலில் இலக்கணம் கேட்டோம். ஆசிரியர் வீட்டுத் திண்ணையில் ஐயம் களைந்தோம். அவ்வாழ்வு எனக்கு இனித்தது. எனக்கு இனித்தது என் மகனுக்கும் இனிக்கும் என்று எண்ணிவிட்டேன். 1998 ஆம் ஆண்டில், அவனை ஒரு சொல்லும் கேளாமல், ஊர்ப்புறக் கல்லூரி ஒன்றில் சேர்த்தேன். அவனோ இயந்திரங்களில் பற்றுடையவன். பட்டறைகளும் மக்கள் நெருக்கமும் நிறைந்த நகரத்தை நாடியவன். இரண்டாம் ஆண்டின் நடுவில் படிப்பை விட்டு வீடு திரும்பினான். பின்னர்த் தானே முயன்று தொழில் கற்று உயர்ந்தான். ஆயினும், பல ஆண்டுகள் எங்களிடையே தேவைக்கு மேல் ஒரு சொல்லும் நிகழவில்லை.

காலம் உருண்டது. அவன் மகள், என் பேத்தி, மேனிலைப் பள்ளிப் படிப்பை முடித்தாள். மதுரை நகரில் பயில்வதா, காந்திகிராமத்தில் பயில்வதா என்னும் வினா எழுந்தது. மகன் என்னிடம் வந்தான். “அப்பா, நீங்களே அவளை அழைத்துச் சென்று காந்திகிராமத்தைக் காட்டுங்கள். ஆனால், முடிவை அவளிடமே விட்டுவிடுங்கள்” என்றான். அச்சொற்களில் சினம் இல்லை. எனினும், அவை என்னைச் சுட்டன.

பேத்தியும் அவள் தோழி ஒருத்தியும் உடன்வரப் புறப்பட்டேன். திண்டுக்கல்லிலிருந்து மதுரைக்குச் செல்லும் வழியில், கைத்தறிக்குப் பெயர் பெற்ற சின்னாளபட்டிக்கு அருகே, சிறுமலையின் அடிவாரப் பகுதியில் உள்ளது காந்திகிராமம். காந்தியடிகளின் கொள்கையில் ஊன்றி நின்ற மருத்துவர் சௌந்தரமும், அவர்தம் கணவர் ஜி. இராமச்சந்திரனும் 1947 ஆம் ஆண்டில் அதனைத் தோற்றுவித்தனர். டாக்டர் இராதாகிருஷ்ணன் தலைமையில் அமைந்த பல்கலைக்கழகக் கல்விக் குழு, ஊரகப் பல்கலைக்கழகங்கள் வேண்டும் என 1949 இல் பரிந்துரைத்தது. 1956 இல் காந்திகிராமத்தில் கிராமிய உயர்கல்வி நிலையம் தொடங்கியது. 1976 இல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆயிற்று. கற்பித்தல், ஆராய்தல் என்னும் இரண்டோடு, ஊர்மக்களிடம் சென்று பணியாற்றலும் அங்கே கல்வியின் ஒரு கூறாகும். மாணவர் சிற்றூர்களில் தங்கி, மக்களின் நிறைகுறைகளை நேரிற்கண்டு கற்பர்.

நண்பகலில் நாங்கள் அங்கே சேர்ந்தோம். வேண்டுமென்றே அவ்வேளையை நான் தேர்ந்தேன். மாலைக் காற்றில் எவ்விடமும் இனிதாகத் தோன்றுமன்றோ? அவ்வூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 10 பாகையில் உள்ளது. ஆதலின், சித்திரைத் தொடக்கத்தில் ஒருமுறையும் ஆவணி முற்பகுதியில் ஒருமுறையும் கதிரவன் நேர் உச்சியில் நிற்பான். நம் நிழல் நம் காலடியிலேயே ஒடுங்கும். அத்தகைய வெப்ப மண்டலத்தில், வயல்வெளியிலும் ஊர்த்தெருவிலும் நடந்து கற்கவேண்டிய படிப்பைத் தேர்பவர், அவ்வெயிலையும் ஒருமுறை நடந்து பார்த்தல் நன்று.

வேப்பமரத்தடியில் ஒரு மாணவி அமர்ந்திருந்தாள். என் பேத்தி அவளிடம், “அக்கா, இவ்விடம் எனக்குப் பொருந்துமா?” என்று கேட்டாள். அவள் நகைத்து, “அதனை நான் எங்ஙனம் சொல்வேன், தங்கையே? விழா நாளில் வந்து பார்த்து மயங்காதே. யாதொரு சிறப்பும் இல்லாத ஒரு மாலையில் வந்து பார். முதல் மாதம் நான் அழுதேன். இங்கே எல்லாரும் எல்லாரையும் அறிவர். நீ வகுப்புக்கு வாராவிட்டால் அன்றே கேட்பர். அது சிலர்க்கு ஆறுதல்; சிலர்க்குத் தளை. ஊர்களுக்குச் சென்றபோது ஒரு பாட்டி தன் கணக்குப் புத்தகத்தைப் படித்துக் காட்டச் சொன்னாள். அன்றுதான் என் படிப்பு யாருக்காக என்பது எனக்குத் தெரிந்தது. அதன்பின் அழவில்லை” என்றாள்.

அவள் சொற்படியே நாங்கள் பொழுது சாயும்வரை இருந்தோம். வெயில் தணிந்தது, சிறுமலை நீலமாயிற்று, பறவைகள் அடங்கின. அதன்பின் அமைதியன்றி வேறொன்றும் இல்லை. என் உள்ளம் புன்னை நிழலுக்கே சென்றுவிட்டது.

தோழி மெல்லச் சொன்னாள்: “தாத்தா, நான் இங்கேயே சேர்வேன். அந்தப் பாட்டியைப் போன்றவர்களை நானும் காணவேண்டும்.”

என் பேத்தி நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “இவ்வமைதி எனக்கு இரண்டு நாள் இனிக்கும், தாத்தா. மூன்றாம் நாள் நான் கூட்டத்தைத் தேடுவேன். நாலுபேரோடு வாதிட்டால்தான் எனக்குப் பாடம் மனத்தில் நிற்கும். நான் மதுரையிலேயே படிக்கிறேன்” என்றாள்.

அவளைத் தடுக்க என் நா எழுந்தது. அமைதியின் அருமையைப் பற்றி நூறு சொற்கள் வாயில் வந்து நின்றன. ஆயின், 1998 ஆம் ஆண்டு என் கண்முன் வந்தது. அடக்கிக்கொண்டேன்.

அன்றிரவு மகன் தொலைபேசியில் அழைத்தான். அவள் முடிவைச் சொன்னேன்.

“நீங்கள் என்ன சொன்னீர்கள், அப்பா?”

“ஒன்றும் சொல்லவில்லை.”

சிறிது நேரம் அப்புறம் ஓசையில்லை. பிறகு, “நன்றி, அப்பா” என்றான்.

மாணவர்களே! அதே வெயில்; அதே மலை; அதே அமைதி. எனினும், ஒருத்திக்கு அது தன் நிலமாகத் தோன்றியது, மற்றொருத்திக்குத் தோன்றவில்லை. இருவரும் தத்தம் இயல்பை அறிந்தே முடிவு செய்தனர். நாளை நீங்களும் ஒரு கல்லூரியைத் தேர்வீர்கள். அதன் பெயரையும் புகழையும் மட்டும் கேட்டு அமையாதீர்கள். அங்கே என்ன கற்பிக்கின்றனர், யாருக்காகக் கற்பிக்கின்றனர், எவ்வாறு வாழ்கின்றனர் என்று சென்று காணுங்கள். பெரியோரின் அறிவுரையைப் பணிவுடன் கேளுங்கள். பின்னர், “நான் எத்தகைய விதை?” என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். அவ்வினாவிற்கு விடை கூற வேறு எவராலும் இயலாது.