உலக முடிவின் விளிம்பிலே

யாழ்ப்பாணத்திலே பிறந்தவருக்கு மலை என்பது பிரயாணஞ் செய்து காணவேண்டிய பொருள். நமக்குக் கிணறு வெட்டினாலும் சுண்ணக்கல், மதில் கட்டினாலும் சுண்ணக்கல். ஆழமற்ற கடலிலே மயோசீன் காலத்தில் வாழ்ந்த உயிர்களின் ஓடுகள் படிந்து உண்டான அக்கல்லின் வயது ஏறக்குறைய இரண்டு கோடி ஆண்டு. மலைநாட்டுப் பாறைகளின் முன்னே அது நேற்றுப் பிறந்த குழந்தை. ஆகவே, உயர்தர வகுப்பிலே புவியியல் கற்கும் எமது மாணவர் இருபத்திரண்டு பேரை மாசி மாதத்தில் மலைநாட்டுக்கு அழைத்துச் சென்றபோது, அவர்களிலும் நமக்கே ஆவல் மிகுந்திருந்தது.

நேரே கண்டி வீதியாற் செல்லாது, அநுராதபுரத்திலிருந்து புத்தளம் வீதியிலே வண்டியைத் திருப்பச் சொன்னோம். சாரதி முணுமுணுத்தார். காரணம், அவ்வீதியோரத்திலே தப்போவக் குளம் உளது. சுற்றுப்புறமெங்கும் மிகப் பழைய கடும்பாறை. இங்கு மட்டும், ஒரு சிறு தாழ்விலே, யுராசிக் காலத்து மணற்கல்லும் களிக்கல்லும் கிடக்கின்றன. பன்னங்களும் ஊசியிலை மரங்களும் அவற்றிலே தம் உருவைப் பதித்துச் சென்றுள்ளன. சீவாட், ஹொல்ற்றம் என்னும் இரு தாவரவியலறிஞர் 1922இல் அவற்றை விவரித்து எழுதினர்.

இவை இவ்விடத்தில் மட்டும் எஞ்சியது எவ்வாறு? புவியோடு விரிந்து பிளவுபட, குறைகளுக்கிடையே ஒரு துண்டு கீழிறங்கியது. அப்பள்ளத்திலே நீர் கொண்டுவந்து நிரப்பிய அடையல்கள் அரிப்பினின்றுந் தப்பின. கொண்டுவானா என்னும் பெருங்கண்டம் உடைந்த காலத்துச் சிறு தழும்பு இது. அவ்வுடைவின் பெருந் தழும்பு மன்னார்க் கடலின் கீழே இருக்கின்றது. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையிலே ஓடு இழுபட்டு மெலிந்து அமிழ்ந்த அப்படுகையில் அடையல்கள் கிலோமீற்றர் கணக்கிலே தடித்துள்ளன. 2011இல் அங்கு துளையிட்டபோது இயற்கை வாயு காணப்பட்டது. இவற்றையெல்லாம் குளக்கட்டில் நின்று விளக்கினோம். மாணவரிற் பாதிப்பேர் முகங் கழுவுவதிலேயே கருத்தாயிருந்தனர்.

இரு நாட்களின் பின், விடியற்குளிரிலே ஹோட்டன் சமவெளியைக் கடந்து உலக முடிவை அடைந்தோம். காலடியிலே நிலம் அற்றுப்போகின்றது. ஏறக்குறைய 870 மீற்றர் கீழே தேயிலைத் தோட்டங்களும், அப்பால் தென்புலத்துத் தாழ்நிலமும் விரிந்து கிடந்தன. சிறிது நேரம் எவரும் பேசவில்லை.

மலைநாட்டிலே பரந்து காணப்படும் பாறைகளுள் ஒன்று சார்னொக்கைற்று. சென்னையை அடுத்த பல்லாவரத்துக் கல்லாலே கல்கத்தாவில் யோப் சார்னொக் என்பவருக்குக் கல்லறை அமைத்தனர். அவர் பெயரே கல்லுக்கு ஆயிற்று. தமிழகத்துக்கும் நமது மலைநாட்டுக்கும் ஒரே பாறை! ஏறக்குறைய 55 கோடி ஆண்டுகளின் முன், நிலத்திணிவுகள் ஒன்றோடொன்று மோதிக் கொண்டுவானா உருவானபோது, இருபத்தைந்து முப்பது கிலோமீற்றர் ஆழத்திலே 800 பாகை சதமளவை அண்டிய வெப்பத்தில் வெந்த பாறைகள் இவை. அவற்றின் மேலேயிருந்த மலைத்தொடர் முழுவதும் தேய்ந்து போயிற்று. நாம் நின்றது அம்மலையின் வேரிலே.

“அப்படியானால் வேர் இவ்வளவு உயரத்துக்கு வந்தது எப்படி, சேர்?” என்றான் ஒரு மாணவன்.

இருபது ஆண்டுகளாக இவ்வினாவுக்கு நாம் தயக்கமின்றி விடையளித்து வந்தோம். மூன்று படிகளாக அமைந்த இந்நாட்டின் நிலத்தை, குறைகள் வழியே துண்டந் துண்டமாக மேலெழுந்தது என 1940களில் டி. என். வாடியா விளக்கினார். பாடநூலிலும் அதுவே, நமது கரும்பலகையிலும் அதுவே. ஆனால் மலையடிவாரம் நெடுகிலும் அத்தகைய பெருங் குறைகள் உளவென்று பின்னாய்வுகள் நிலைநாட்டவில்லை. 2000ஆம் ஆண்டுகளிலே ஹேவாவசமும் ஜேர்மானிய அறிஞரும் ஆற்றுமணலிலுள்ள பெரிலியம்-10 என்னும் அணுவகையை அளந்து, மேட்டுநிலம் ஆயிரம் ஆண்டுக்கு ஒரு சில மில்லிமீற்றரே தேய்வதையும், விளிம்புச் சரிவுகள் அதனினும் பன்மடங்கு விரைவாகத் தேய்வதையும் கண்டனர். இத்தனை மழை பெய்தும், இத்தனை செங்குத்தாயிருந்தும் மேடு தேயாதிருப்பதற்குக் காரணம், கீழிருந்து அதனை வலிந்து உயர்த்தும் விசை இன்று ஓய்ந்திருப்பதே. (காடழித்துப் பயிரிட்ட சரிவுகளின் கதை வேறு. அங்கே மண் இயற்கையளவினும் பன்மடங்காகக் கழுவப்படுகின்றது. வரும் வழியிலே ஓடைகளின் செந்நிறத்தைக் கண்டோம்.)

மன்னார்ப் படுகை அமிழ்ந்த அக்காலத்திலே, பிளவின் ஓரங்கள் உயர்ந்தன என்பதே இன்று பலருக்கு ஏற்புடைய கருத்து. அதன் பின், ஊர்காவற்றுறையிலே மூட்டைகளை இறக்க இறக்க வள்ளம் நீரிலே மேலெழுவதுபோல, மேற்பாறை தேயத் தேயக் கீழ்ப்பாறை மெல்ல எழுந்தது. விளிம்பு ஆண்டாண்டாய் உள்நோக்கிப் பின்வாங்கி, இன்று நம் காலடிக்கு வந்திருக்கின்றது.

“நாங்கள் இதுவரை உங்களுக்குச் சொன்னது ஒருவருடைய கருத்து, முடிந்த உண்மையன்று,” என்று சொல்லி முடிக்க நமக்குச் சற்றுக் கூச்சமாகவே இருந்தது.

“பரீட்சைக்கு எதை எழுதுவது, சேர்?”

எல்லாரும் சிரித்தனர். கேட்டவன் சிரிக்கவில்லை, அவனுக்குப் பல்கலைக்கழக அனுமதி வேண்டும். “வாடியா சொன்னதை அவர் பெயரோடு எழுது, பின் வந்தவர்கள் ஏன் ஐயுற்றார்கள் என்பதையும் எழுது,” என்றோம். அவன் முகம் தெளியவில்லை. ஒன்பது மணிக்கெல்லாம் பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி ஏறி வந்து யாவற்றையும் மறைத்துவிட்டது.

அன்றிரவு நுவரெலியா விடுதியிலே, ஓரங் கிழிந்த நமது பழைய குறிப்புக் கொப்பியை எடுத்து, ‘துண்டங்களாக உயர்ந்தது’ என்ற வரிக்கு முன்னே ‘வாடியாவின் கருத்துப்படி’ என்று எழுதிக்கொண்டோம்.