நீருக்கடியில் ஒரு பிடி

டென்மார்க்கின் மேற்குக் கோடியில், பிளாவண்ட் கலங்கரை விளக்கத்தின் உச்சியில் நின்று, தொடுவானில் தீக்குச்சிகளாய்த் தெரிந்த காற்றாலைகளை எண்ண முயன்று தோற்றோம். ஹார்ன்ஸ் ரெவ் என்னும் மணல்திட்டில் 2002இல் எழுந்தவை மட்டும் 80 என்று முன்பே படித்திருந்தோம். உடன் நின்றவர்கள் சுழலும் இறகுகளை வியந்துகொண்டிருந்தனர். கட்டுமானப் பொறியாளர்களாகிய எங்கள் இருவருக்கோ நினைவெல்லாம் நீருக்கடியில்.

அங்கே ஒவ்வொரு கோபுரத்தையும் தாங்குவது ஏறத்தாழ 4 மீட்டர் விட்டமுள்ள எஃகுக் குழாய். மோனோபைல் என்பார்கள். அதைக் கடற்படுகையில் அறைந்து இறக்கி, நீரோட்டம் காலடி மணலை அரித்துவிடாதபடி சுற்றிலும் கற்களைக் கொட்டுவார்கள். அறைந்த குழாய் இம்மியும் சாயாமல் நிற்பதரிது. ஆகவே அதன் தலையில் சற்றே பெரிய இன்னொரு குழாயைத் தொப்பிபோல் கவிழ்த்து, நிமிர்த்திச் சரிசெய்து, இரண்டுக்கும் இடையே வலிமைமிக்க சிமென்ட் கிரவுட்டை நிரப்புவார்கள். போல்ட் இல்லை, பற்றவைப்பு இல்லை. மேலுள்ள பாரமெல்லாம் அந்தக் கிரவுட்டின் பிடியில்.

அந்தப் பிடிதான் நழுவியது. 2009, 2010ஆம் ஆண்டுகளில், வடகடலின் பல காற்றாலைகளில் மேற்குழாய் சில சென்டிமீட்டர் கீழிறங்கியிருப்பது தெரியவந்தது. எதுவும் விழவில்லை. ஆனால் காரணம் எங்களை உறுத்தியது. எண்ணெய் மேடைகளில் பெற்ற அனுபவத்தை ஒட்டியும், சிறிய குழாய்களில் செய்த சோதனைகளைக் கொண்டும் கணக்கிட்டிருந்தார்கள். எண்ணெய் மேடையின் பைல்களில் பாரம் பெரும்பாலும் நேர்கீழாக இறங்கும். காற்றாலையையோ காற்று ஓயாமல் வளைத்துக்கொண்டேயிருக்கும். அந்த ஆட்டத்தில் எஃகிலிருந்து கிரவுட் விடுபட்டுத் தேய்ந்தது.

படித்த அன்று எங்களுக்கு உறக்கமில்லை. பணியில் சேர்ந்த புதிதில், ஒரேயொரு பைலைச் சோதித்துவிட்டு, மண் வேறாக இருந்த மறுகரைக்கும் அதே எண்ணை எழுதிக் கையொப்பமிட்டவர்கள் நாங்கள். அந்தப் பாலம் இன்றும் நிற்கிறது. அதைக் கடக்கும்போது மட்டும் காரில் பேச்சு நின்றுவிடும்.

பிற்பாடு அந்த இணைப்பைக் கூம்பு வடிவில் அமைத்தார்கள். பிளாஞ்ச் வைத்துப் போல்ட்டால் முடுக்கும் முறையும் பரவியது. போல்ட் என்றால் அவ்வப்போது கடலேறிச் சென்று சோதிக்க வேண்டுமே என்று எங்களில் ஒருவர் படியிறங்கும்போது அலுத்துக்கொண்டார். கண்ணால் பார்த்துச் சோதிக்கலாம் அல்லவா என்றார் மற்றவர். விடுதி வந்து சேரும்வரை அதே வழக்குத்தான்.