முதலில் முகம்

அப்பாவை நான் எடுத்தது ஒரே ஒரு படம். அதையும் கெடுத்துவிட்டேன்.

மூவாருக்கு வெளியே ஒரு தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர் அப்பா. 1979-ஆம் ஆண்டு அவர் வேலையிலிருந்து நின்ற அன்று, லயத்து அஞ்சடியில் நாற்காலி போட்டு அவரை உட்கார வைத்தேன். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. பின்னால் புதிதாகச் சுண்ணாம்பு அடித்த சுவர். கேமராவும் இரவல், லைட் மீட்டரும் இரவல். மீட்டரை நேரே நீட்டி, முள் காட்டிய எண்ணை அப்படியே வைத்து எடுத்தேன்.

படம் கழுவி வந்தபோது சட்டை தெரிந்தது, வேட்டி தெரிந்தது. முகம் மட்டும் கரி அப்பியதுபோல் இருந்தது. அப்பா சிரித்தார்.

"விடு தம்பி, நம்ம நிறத்துக்கு இவ்வளவுதான் விழும்."

நானும் நம்பிவிட்டேன்.

மறு வருடம் அப்பா போய்விட்டார். கருமாதிக்கு மாலை போட அந்தப் படம்தான் இருந்தது. உறவுக்காரப் பிள்ளை ஒன்று, "இது யாரு?" என்று கேட்டது. அம்மா முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தாள். அழுக்கு கண்ணாடியிலா இருந்தது?

நெகட்டிவை எடுத்துக்கொண்டு டவுனுக்குப் போய், படம் கழுவும் ஒரு சீனத் தவுக்கேயிடம் கொடுத்தேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். முகம் இருக்க வேண்டிய இடத்தில் பிலிம் வெறுமையாக இருந்தது. பிலிமில் பதியாததை எந்தக் கடையிலும் வரவழைக்க முடியாதாம். பிறகு என் மீட்டரைக் காட்டி மலாயில் சொன்னார்: "முகா டூலு." முதலில் முகம்.

அதன் பொருள் பிற்பாடு படித்தபோதுதான் முழுதாக விளங்கியது. மீட்டருக்கு நிறம் தெரியாது. எதைக் காட்டினாலும், 'இது நடுத்தரச் சாம்பல் நிறம்' என்றே கணக்கு எழுதும் கிராணி அது. வெள்ளைச் சுவரைக் காட்டினால் சுவரைச் சாம்பலாக்கிவிடும். பக்கத்தில் இருக்கும் கறுத்த முகம் இன்னும் கீழே போய் இருட்டில் விழும்.

இதற்கு வழி சொன்னவர்கள் ஆன்சல் ஆடம்ஸ், பிரெட் ஆர்ச்சர் என்ற இரு அமெரிக்கர்கள். 1940-ஐ ஒட்டி, லாஸ் ஏஞ்சல்ஸ் கலைப் பள்ளி ஒன்றில் 'ஜோன் சிஸ்டம்' என்ற முறையை வகுத்தார்கள். முழுக் கறுப்பு 0, முழு வெள்ளை 10, நடுச் சாம்பல் 5. ஒவ்வொரு படிக்கும் வெளிச்சம் இரட்டிப்பாகும். எது எந்தப் படியில் விழ வேண்டும் என்பதை மீட்டர் சொல்லாது, படம் எடுப்பவன்தான் சொல்ல வேண்டும். ஆடம்ஸ் கணக்கில் வெயிலில் வெள்ளைக்காரர் முகத்துக்கு 6, கறுத்த முகத்துக்கு 5. ஆக, நம் முகத்துக்கும் அங்கே ஓர் இடம் இருக்கிறது!

ஒரு தீபாவளிக்கு அதே அஞ்சடியில், அதே சுவர்முன் அம்மாவை உட்கார வைத்தேன். அம்மா கட்டியிருந்ததும் வெள்ளைச் சேலை. சுவரை அளந்தேன்: எஃப் 11. மீட்டரை முகத்தருகே கொண்டுபோய் அளந்தேன்: எஃப் 4. மூன்று படி வித்தியாசம். அன்று நான் சுவரை 5-இல் வைத்ததால் அப்பாவின் முகம் 2-க்குப் போயிருக்கிறது. அங்கே கண்ணும் தெரியாது, சுருக்கமும் தெரியாது. இன்று முகத்தை 5-இல் வைத்து எஃப் 4-இல் எடுத்தேன். சேலை 8-க்கு ஏறியது. அதிலும் நெசவு தெரிந்தது.

அம்மா படத்தை வெகுநேரம் பார்த்தாள். அதே கறுப்பு, ஆனால் நெற்றிச் சுருக்கம்வரை தெரிந்தது.

"அப்போ அப்பாவோட நிறத்துமேல தப்பு இல்லையாப்பா?" என்றாள்.

"இல்லம்மா. நான்தான் சுவரைப் பார்த்து எடுத்துட்டேன்."

இன்று எல்லார் கையிலும் கைப்பேசி இருக்கிறது. அதற்குள்ளும் ஒரு மீட்டர் உண்டு. அம்மாவையோ அப்பாவையோ வெள்ளைச் சுவர்முன் நிறுத்தும்போது, திரையில் அவர்கள் முகத்தை விரலால் ஒரு தடவை தொட்டுவிட்டு எடுங்கள். பெரும்பாலான கைப்பேசிகள் அந்த முகத்தை வைத்தே வெளிச்சத்தைக் கணக்கிடும். 'நம்ம நிறத்துக்கு விழாது' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அப்பாவின் படம் இன்றும் என் வீட்டுச் சுவரில் இருக்கிறது. பேரப்பிள்ளைகளுக்கு அந்த முகத்தை நான் வாயால்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.