தக்கலைப் பக்கம் ஒரு வாசல்படி

கன்னியாகுமரி மாவட்டத்துக்கு ஆண்டில் இரண்டு மழைக்காலம். ஜூனில் தென்மேற்குப் பருவமழை, அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை. இரண்டையும் தாங்கித்தான் தக்கலை, பத்மநாபபுரம் வட்டாரத்தின் பழைய ஓட்டு வீடுகள் நிற்கின்றன. உயரமான கல் அடித்தளம், சுவரைத் தாண்டி இறங்கும் கூரை, அயினி மரத்தில் நிலையும் கதவும்: மழைக்கு முன்னோர் கண்ட வழி இது.

அப்படி ஒரு வீட்டில் முன்கதவு தரையில் உரசத் தொடங்கியது. நிலையின் கீழ்ப்படியை மிதித்தால் அமுங்கியது. ஆசாரி உளியால் குத்தினார். எதிர்ப்பில்லாமல் உள்ளே போனது. மண்பாதை எதுவும் இல்லை. ஆகவே கரையான் இல்லை. மரம் பழுப்பாகிக் கட்டம் கட்டமாக நொறுங்கியது. ஈரத்தில் வளரும் பூஞ்சையின் வேலை.

"புதுப்படி போட்டுத் தந்துரு ஆசாரி" என்றார் வீட்டுப் பாட்டி.

"போடலாம் அம்மா. ஆனா தண்ணி எங்கேருந்து வருதுன்னு பாக்காம போட்டா, அதுவும் இதேபோல போகும்."

வெளியே பார்த்தபோது காரணம் தெரிந்தது. நெல் காயப்போட வசதியாக முற்றத்தை சிமெண்டால் உயர்த்தியிருந்தார்கள். சரிவு வாசலை நோக்கி இருந்தது. படியின் வெளிப்பக்கம் சிமெண்டுக்குள் புதைந்து, காயவே வழியில்லாமல் போயிருந்தது. மரத்தின் ஈரம் நூற்றுக்கு 20 பங்குக்குக் கீழே இருந்தால் பூஞ்சை வளராது. காய்ந்த மரம்தான் நிலைக்கும்.

முதலில் நிலையின் மேல் உத்தரத்துக்கு முட்டுக் கொடுத்தார்கள்; சுவரின் பாரம் இறங்கினால் ஆளுக்கே ஆபத்து. பிறகு படியை எடுத்தார்கள். நிலைக்கால்களின் அடியையும் தட்டிப் பார்த்து, மெத்தென்ற பகுதியைத் தாண்டி, கெட்டி மரம் வரும்வரை வெட்டினார்கள். அந்த உயரத்துக்குப் புது அயினித் துண்டைப் பாதிக்குப் பாதி செதுக்கிப் பொருத்தி, போல்ட் போட்டு இறுக்கினார்கள். வெட்டுமுனைதான் தண்ணீரை அதிகம் உறிஞ்சும். அதனால் போரிக் அமிலமும் வெங்காரமும் கரைத்த நீரை அங்கே பலமுறை பூசி, காயவிட்டுப் பெயிண்ட் அடித்தார்கள். பெயிண்ட் இல்லாவிட்டால் மழை அந்த மருந்தைக் கரைத்துவிடும். படிக்கு மரம் வேண்டாமென்று கருங்கல் பலகை வைத்தார்கள்.

வாசலோரச் சிமெண்டை ஒரு முழ அகலத்துக்கு உடைத்து, தோட்டத்துப் பக்கம் சரிவாகக் கால் எடுத்தார்கள். பங்குனி வெயிலில் வேலை முடிந்தது. ஜூன் மழையில் முற்றத்துத் தண்ணீர் படியைத் தொடாமல் தென்னை மூட்டுக்குப் போனது.