சீசரும் பாறசாலையும் ஒன்றரை டாலரும்

வருடத்துக்கு இரண்டு முறை, ஜூன் கடைசியிலும் டிசம்பர் கடைசியிலும், எனக்கு ஒரு காய்ச்சல் வரும். மருந்து கிடையாது. ஸ்டீம், ஜிஓஜி என்று இணையத்தில் கம்ப்யூட்டர் விளையாட்டு விற்கிற கடைகளில் தள்ளுபடி தொடங்கும் நேரம் அது. நான் பி.காம் படித்த காலத்தில் உலகத்தைக் கலக்கிய விளையாட்டுகள் எல்லாம் ஒன்றரை டாலர், இரண்டு டாலர் என்று கிடக்கும். இங்கே மஸ்கட்டில், ரூவியில் உட்கார்ந்து ஒரு மசால்தோசை சாப்பிடுகிற காசு. விட மனசு வருமா?

எனக்கு வங்கியில் கடன் பிரிவில் வேலை. இந்திய வங்கிகளில் தவணை 90 நாளைத் தாண்டி நின்றால் அது வாராக்கடன். அந்தக் கணக்கில் பார்த்தால், வாங்கிப் போட்டுத் திறக்காத விளையாட்டுகளாலேயே நான் திவாலாகியிருக்க வேண்டும் :-) அதனால் போன டிசம்பரில் புதிதாக ஒன்றும் வாங்காமல், கையில் இருப்பதில் மூன்றை முழுசாக ஆடிப் பார்ப்பது என்று வைத்துக்கொண்டேன். ஒன்று அட்வென்ச்சர், ஒன்று ரோல் பிளேயிங், ஒன்று ஊர் கட்டுவது. மூன்றாவதைப் பற்றிச் சொல்லத்தான் முக்கியமாக உட்கார்ந்திருக்கிறேன். ஆனாலும் வரிசையாக வருவோம்.

முதலில் இவற்றை நான் பார்த்த இடம். எங்கள் ஊர் பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் நடுவில். 1956 நவம்பர் 1-ம் தேதி மொழிவாரியாக எல்லை போட்டபோது விளவங்கோடு தாலுகா சென்னை மாநிலத்துக்குப் போனது, நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. கோடு எங்கள் வீட்டுக்குத் தெற்கே விழுந்தது. அதனால் வீட்டில் தமிழ், ரேஷன் கார்டில் மலையாளம், சந்தைக்குப் போனால் இரண்டும் கலந்தது.

1998-ல் நான் பி.காம் சேர்ந்தேன். அன்றைக்கு என்.எச். 47, இப்போது 66, அந்த ரோட்டோரத்தில் ஒரு உரக்கடைக்கு மேலே ஒரு கம்ப்யூட்டர் சென்டர். பகலில் டேலி வகுப்பு. சாயங்காலம் மணிக்கு 15 ரூபாய் கொடுத்தால் விளையாட விடுவார் அந்த அண்ணன். நானும் என் கூட்டுக்காரன் ஒருத்தனும் ஆளுக்குப் பாதி போட்டு ஒரே நாற்காலியில் உட்காருவோம். கேரளத்தில் அப்போது ராத்திரி அரை மணி நேரம் லோட்ஷெடிங். எங்கள் முறை எத்தனை மணிக்கு என்று பார்த்து அதற்கு முன்னால் ஆட்டத்தை சேவ் செய்வது அவன் வேலை. ஒரு நாள்கூடத் தவறவிட்டதில்லை.

இனி விளையாட்டுகள். முதலாவது மங்கி ஐலண்ட். 1990-ல் லூகாஸ்பிலிம் கேம்ஸ் வெளியிட்டது, ரான் கில்பர்ட் எழுதியது. கடற்கொள்ளைக்காரன் ஆக ஆசைப்படும் ஒரு பையனின் கதை. பொருட்களைப் பொறுக்கி, ஒன்றோடு ஒன்றைச் சேர்த்து, ஆட்களோடு பேசிப் புதிர்களை அவிழ்க்க வேண்டும். இதில் வாள்சண்டை உண்டு, ஆனால் கை வேகம் தேவையில்லை. எதிராளி ஒரு வசை சொல்வான். அதற்குச் சரியான பதில் வசை தெரிந்தால் நீங்கள் ஜெயிப்பீர்கள். தெரியாவிட்டால் தோற்று, அந்த வசையைக் கற்றுக்கொண்டு அடுத்தவனிடம் போகலாம். பதினொரு வயது மகளோடு உட்கார்ந்து இதை ஆடினேன். இங்கிலீஷ் வசை ஒவ்வொன்றையும் எங்கள் ஊர்ப் பேச்சில் எப்படிச் சொல்வது என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததில் வீட்டில் கொஞ்சம் சண்டை வந்தது. ஆனால் ஒரு வருடம் தமிழ் வகுப்புக்கு அனுப்பி வராத சொற்கள் ஒரு வாரத்தில் வந்தன :-) குழந்தைகளோடு ஆட முதலில் எதை வாங்கலாம் என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். 2009-ல் படமெல்லாம் புதுசாக வரைந்து ஒரு பதிப்பு வந்தது, ஒரு விசையை அழுத்தினால் பழைய படம் தெரியும்.

இரண்டாவது பால்டர்ஸ் கேட். 1998, கனடாவின் எட்மன்டனில் டாக்டருக்குப் படித்தவர்கள் சேர்ந்து தொடங்கிய பயோவேர் செய்தது. வளர்ப்புத் தகப்பன் ஒரு ராத்திரி உங்களை வீட்டை விட்டுக் கூட்டிக்கொண்டு கிளம்புவார். வழியில் அவர் கொல்லப்படுவார். அதன் பிறகு வழியில் சேர்கிற ஆட்களை வைத்துக்கொண்டு ஆறு பேர் வரை கூட்டமாகப் பிழைக்க வேண்டும். ஐந்து சிடியில் வந்த விளையாட்டு. எங்கள் சென்டரில் இருந்ததில் ஒரு சிடியில் கீறல். கதை ஒரு காட்டில் அப்படியே நின்றுபோனது. இருபத்தைந்து வருடம் கழித்து அந்தக் காட்டைத் தாண்டியபோது ராத்திரி ஒரு மணி. ஊரில் இரண்டரை. இருந்தாலும் கூட்டுக்காரனுக்கு ஒரு மெசேஜ் போட்டேன். காலையில் பதில் வந்தது: "அப்பொறம் என்னலே ஆச்சு?"

இந்த விளையாட்டுக்கும் ஜிஓஜி கடைக்கும் ஒரு பழைய உறவு உண்டு. போலந்தில் 1994-ல் தொடங்கிய சிடி ப்ராஜெக்ட் என்ற கம்பெனி பால்டர்ஸ் கேட்டை 1999-ல் போலிஷ் மொழியில் கொண்டுவந்தது. அந்த நாட்டிலும் அப்போது திருட்டு சிடிதான் ராஜா. விலையை வைத்து அதோடு போட்டி போட முடியாது. அதனால் சொந்த மொழியில், அவர்களுக்குத் தெரிந்த நடிகர்களின் குரலில், பெட்டிக்குள் வரைபடமெல்லாம் வைத்து விற்றார்கள். நன்றாகவே விற்றது. அதே ஆட்கள் 2008-ல் தொடங்கியதுதான் ஜிஓஜி, நல்ல பழைய விளையாட்டுகள் என்பதன் சுருக்கம். தமிழில் இப்படி யாரும் செய்யவில்லையே என்று எனக்கு ஏக்கம் உண்டு. 2023-ல் டொரன்டோவில் இருக்கும் நம் ஆட்கள் செய்த 'வெண்பா' வந்தபோது அது கொஞ்சம் தீர்ந்தது. 1980-களில் கனடாவுக்குப் போன ஒரு தமிழ்க் குடும்பம், கிழிந்துபோன சமையல் குறிப்பு நோட்டு, இட்லியில் ஆரம்பம். 2024-ல் பாஃப்டா விருது வாங்கியது. தள்ளுபடியில் கண்ணில் பட்டால் விடாதீர்கள்.

வாங்கப் போகிறவர்களுக்கு மூன்று விஷயம், வங்கிக்காரன் புத்தியில் சொல்கிறேன். ஒன்று, ஸ்டீமில் நீங்கள் வாங்குவது விளையாட்டை அல்ல, ஆடுவதற்கான உரிமத்தை. இதை வாங்கும் இடத்திலேயே தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று கலிபோர்னியாவில் 2025 ஜனவரியிலிருந்து சட்டமே இருக்கிறது. ஜிஓஜியில் நிறுவும் கோப்பை இறக்கி ஹார்ட் டிஸ்கில் வைத்துக்கொள்ளலாம், நெட் இல்லாமலும் ஓடும். இரண்டு, ஸ்டீமில் வாங்கிய 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். மூன்று, பழைய சிடி வீட்டில் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். ஸ்கம்விஎம் என்று 2001-லிருந்து வருகிற இலவச மென்பொருள் ஒன்று பழைய அட்வென்ச்சர்களைப் புது கம்ப்யூட்டரிலும் போனிலும் ஓட வைக்கிறது.

சரி, மூன்றாவதுக்கு வருகிறேன். சீசர் 3. 1998, இம்ப்ரெஷன்ஸ் கேம்ஸ் செய்தது, சியரா வெளியிட்டது. நீங்கள் ஒரு ரோமானிய கவர்னர். காலி நிலத்தில் ரோடு போட்டு, மனை காட்டி, தண்ணீர் கொண்டுவந்து ஊரை வளர்க்க வேண்டும். மனை காட்டியதும் ஊருக்கு வெளியிலிருந்து ஆட்கள் தட்டுமுட்டுச் சாமான்களை வண்டியில் ஏற்றி இழுத்துக்கொண்டு வருவார்கள். முதலில் கூடாரம், பிறகு குடிசை, வசதி கூடக் கூட நல்ல வீடு. வருமானம் போதாவிட்டால் 5,000 தினாரியஸ் வரைக்கும் கடனில் ஓட்டலாம், அதற்கு மேல் முடியாது. பாலன்ஸ் ஷீட் படித்துக்கொண்டிருந்த எங்களுக்கு இது சொர்க்கம்.

அந்த விளையாட்டின் உயிர் எங்கே இருக்கிறதென்றால், தெருவில் நடக்கிற ஆட்களிடம். சந்தை கட்டினால் மட்டும் போதாது. சந்தையிலிருந்து ஒரு பெண் கிளம்பித் தெருத்தெருவாக நடப்பாள். அவள் கடந்து போகும் வீடுகளுக்குத்தான் சாப்பாடு சேரும். தீயணைக்கிறவன், கட்டடம் இடியாமல் பார்க்கிற இஞ்சினியர், வைத்தியர், எல்லோரும் அப்படித்தான், நடந்து வர வேண்டும். நாற்சந்தியில் அவர்கள் எந்தப் பக்கம் திரும்புவார்கள் என்று நம்மால் சொல்ல முடியாது. கொஞ்ச நாள் ஒரு தெருவுக்கு யாருமே வரவில்லை என்றால் நல்ல வீடு மறுபடி குடிசையாகும்.

அன்றைக்கு எங்கள் கண் மேலே ஓரத்தில் இருக்கிற மக்கள்தொகை எண்ணில்தான். இந்த முறை ஆடும்போது என் கண் வண்டிக்காரர்களோடு போனது. ஏனென்றால் அதே வண்டிகள் திரும்பியும் போகும். வேலை இல்லாவிட்டாலோ, கூலி போதாவிட்டாலோ ஆட்கள் மூட்டை கட்டிக் கிளம்பிவிடுவார்கள். கூலி நிர்ணயிக்கும் பக்கத்தில் ரோமில் என்ன கூலி என்று ஒரு வரி போட்டிருக்கும். நம் ஊரில் அதைவிடக் குறைத்தால் ஜனங்களுக்கு மனசு ஆறாது. மஸ்கட்டில் உட்கார்ந்துகொண்டு அந்த வரியைப் படிப்பது எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நமக்கெல்லாம் ஆளுக்கொரு ரோம்.

அப்போது வீட்டில் ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. போன இடவப்பாதி மழையில் அம்மா முற்றத்தில் வழுக்கி விழுந்தாள். எலும்பு முறிவு இல்லை, ஆனால் முழங்கால் பழையபடி ஆகவில்லை. வயசு 74. அப்பா போய் ஆறு வருடம். பெங்களூரில் இருக்கும் அக்கா, திருவனந்தபுரத்தில் ஒரு நல்ல முதியோர் இல்லம் பார்த்து வைத்திருந்தாள். வீட்டைப் பூட்டிவிடலாம் என்றாள். அவள் சொல்வதில் நியாயம் இருந்தது. எங்கள் தெருவில் ஏற்கனவே மூன்று வீடு பூட்டிக் கிடக்கிறது. அம்மா மட்டும் வரமாட்டேன் என்று ஒரே பிடியாக நின்றாள்.

ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி, என் ரோமானிய ஊரில் ஒரு வரிசை வீடு அப்படியே விழுந்துகொண்டே வந்தது. வீட்டை கிளிக் செய்தால் காரணம் சொல்லும். களஞ்சியத்தில் கோதுமை நிரம்பி வழிகிறது. தண்ணீர் இருக்கிறது. சந்தைக்காரி அந்தத் தெருப் பக்கம் வரவில்லை, அவ்வளவுதான்.

நான் மாசாமாசம் அனுப்புகிற பணமும், வாசலில் மாட்டிய கேமராவும் களஞ்சியம் மாதிரிதான் என்று அப்போது பட்டது. மறுநாள் எக்செல்லில் ஒரு பட்டியல் போட்டேன். அம்மா வாசலைக் கடந்து யார் யார் வருகிறார்கள், எந்த நாள், எத்தனை மணி. காலை ஆறுக்கு பால். ஏழுக்கு பேப்பர். பத்து மணிக்கு பொழியூரிலிருந்து மீன் கொண்டு வருகிற அக்கா. கூட்டுறவு வங்கிக்கு தினசரிப் பிரிவு எடுக்க வருகிற சேட்டன். (எங்கள் மாதிரி பெரிய வங்கிகள் எல்லாம் ஆப்புக்குப் போய்விட்டோம், அவர் இன்னும் நடக்கிறார்.) ஆஷா பணியாளர். மாசத்துக்கு ஒரு முறை பிளாஸ்டிக் எடுக்க வருகிற ஹரித கர்ம சேனைப் பெண்கள். பக்கத்து வீட்டுக் குடும்பஸ்ரீக்காரம்மா. குடும்பஸ்ரீயும் சீசர் 3-ம் ஒரே வருடம் பிறந்தவை, 1998.

பட்டியலைப் பார்த்ததும் ஓட்டை தெரிந்துவிட்டது. பகல் முழுக்க நல்ல நடமாட்டம். சாயங்காலம் நான்கு மணியிலிருந்து மறுநாள் காலை ஆறு வரை ஒருத்தரும் இல்லை. அம்மா விழுந்ததும் அந்த நேரத்தில்தான், ஆறரை மணிக்கு.

அக்காவுக்கு அனுப்பினேன். அரை மணி நேரம் கழித்துக் கூப்பிட்டாள். "நீ சொல்லுறதுல காரியம் இருக்கு. ஆனா ராத்திரிக்கு ஆரு?" என்றாள். பக்கத்து வீட்டம்மாவிடம் அவளே பேசினாள். மாசம் ஒரு தொகை பேசி, ராத்திரி படுக்க வருகிறார்கள். மிச்சம் நான்கிலிருந்து எட்டு மணி வரை. கூட்டுக்காரன் இப்போது பாறசாலையில் ஆட்டோ ஓட்டுகிறான். கடைசி சவாரி முடித்துப் போகிற வழி எங்கள் வீட்டு வழிதான். ஆறு மணிக்கும் ஒரு முறை வந்து எட்டிப் பார்க்கிறேன் என்றான். பெட்ரோல் காசு என்று ஆரம்பித்தேன். "சும்மா கெடலே, லோட்ஷெடிங்குக்கு முன்னால சேவ் பண்ணுனதுக்கு அன்னைக்கு நீ காசு தந்தியா?" என்றான்.

ஓணம் வரைக்கும் இப்படிப் பார்ப்பது, சரிப்படாவிட்டால் அக்கா சொன்ன இடம். அப்படித்தான் இப்போதைக்கு முடிவு. அம்மாவும் ஒத்துக்கொண்டாள், பட்டியலை போனில் முழுசாக வாசித்துக் காட்டச் சொன்ன பிறகு.

கேட்டு முடித்துவிட்டுச் சொன்னாள்: "பேப்பர் பையன் நின்னு நாலு மாசம் ஆச்சு மக்களே. அதுல மாத்தி எழுது. பெறகு, பூக்காரி வியாழக்கெழம வருவா, அவள விட்டுட்ட."

மாற்றி எழுதினேன். விஷுவுக்குப் பத்து நாள் லீவ் போட்டிருக்கிறேன்.